லஸ்கரம்மாவின் மைல்

அவரிடம் நான் முதலில் பேசியதே ஒரு பொய் சொல்லி மாட்டிக்கொண்டபோதுதான்.

எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. ஒரத்தநாட்டுக்குத் தெற்கே ஒரு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார் வேலை. புதிதாகச் சர்க்கரை வந்திருந்தது. தினம் காலையில் வேகமாக நடக்க வேண்டும், முடிந்தால் ஓட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் அதற்கு ஏற்ற இடம் புது ஆற்றின் கரைதான். கல்லணையிலிருந்து வரும் அந்தக் கால்வாயை வெட்டிய நாளில் மைலுக்கு ஒரு கல் நட்டார்கள். ரோடுகளில் கிலோமீட்டர் வந்து எவ்வளவோ காலமாயிற்று. கரையில் இன்னும் மைல்தான். எங்கள் ஊர்க் கல்லின் பக்கத்தில் தண்ணீரை மறித்துத் திருப்பும் இரும்புக் கதவுகள் வரிசையாக நிற்கும். அந்த இடத்தைச் சட்ரஸ் என்போம். அங்கிருந்து மேற்கே அடுத்த கல் சரியாக ஒரு மைல்.

சட்ரசுக்கு எதிரே ஆயிஷாம்மாவின் டீக்கடை. ஒரு நாள் காலை அங்கே உட்கார்ந்துகொண்டு, "இன்னிக்கு மைலுக்குப் பதினஞ்சு நிமிஷம்" என்று போனைக் காட்டினேன். ஆயிஷாம்மா, "பரவால்லையே சார்" என்று டீயை நீட்டினார். பெஞ்சின் ஓரத்தில் சேலைக்கு மேல் காக்கிச் சட்டை போட்ட ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. ஆயிஷாம்மா உள்ளே பால் எடுக்கப் போகும்வரை அவர் காத்திருந்தார். பிறகு என் பக்கம் குனிந்து சன்னமாகச் சொன்னார்.

"கல்லு கருவமரத்துக்கு அந்தாண்ட இருக்கு சார். மரத்துலேருந்து இன்னும் ஒரு பர்லாங்கு. ஒங்க செருப்புத் தடம் மரத்தோட நிக்கிது."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் விடவில்லை.

"கல்லு வரைக்கும் போனா ஒங்களுக்குப் பதினேழு ஆவும். அதுல என்ன கொறச்சல்? போன மாசம் மூணு எடத்துல நின்னு நின்னுல்ல போனீங்க. பதினேழு ஒங்களுக்கு நல்ல டைம்."

அவர்தான் எங்கள் கரையின் லஸ்கர். கரையைச் சுற்றி வந்து ஓட்டை உடைசல் பார்ப்பதும், மேலே இருந்து வரும் உத்தரவுப்படி மதகுகளைத் திறந்து மூடுவதும் லஸ்கர் வேலை. அவருடைய கணவர் பார்த்த வேலை அது. கணவர் இறந்தபின் கருணை அடிப்படையில் அவருக்குக் கிடைத்தது. ஊரில் எல்லோருக்கும் அவர் லஸ்கரம்மா. கருவமரச் சங்கதியை அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து நான் கல்லைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பினேன்.

தடம் பார்ப்பது அவருக்குத் தொழில். மண்ணில் பதிந்திருப்பதை வைத்து யார் போனது, எப்போது போனது, போகும்போது களைத்திருந்தாரா என்றுகூடச் சொல்வார். குதிகால் ஆழமாக விழுந்தால் சலிப்பு, முன்பாதம் ஆழமாக விழுந்தால் அவசரம். சைக்கிள் ஒன்று வைத்திருந்தார்; கரையில் அதை ஏறி ஓட்டி நான் பார்த்ததில்லை. தள்ளிக்கொண்டேதான் போவார். கேட்டதற்கு, "ஏறிக் குந்திட்டா கண்ணு முன்னாடி போயிடும் சார், காலடியில என்ன இருக்குன்னு தெரியாது" என்றார்.

தண்ணீருக்கும் அவர் மைல் கணக்கு வைத்திருந்தார். மேற்கே இருக்கும் மேல் கல்லருகே ஒரு தேங்காய் மட்டையைப் போட்டுவிட்டு, அதோடு கூடவே கரையில் நடந்து வருவார். மட்டை சட்ரசுக்கு வந்து சேர அரைமணி நேரம் ஆனால் அன்று முகம் மலர்ந்திருக்கும்.

"தண்ணிக்கு அரைமணி நல்ல டைம். நாப்பது ஆச்சுன்னா கடைமடைக்குப் போயி சேராது, சனங்க வந்து என்ன திட்டுவாங்க. இருபதுல வந்துச்சுன்னா கரையைத் திங்க ஆரம்பிச்சுடும். வேகமா வாரதெல்லாம் நல்லதில்ல."

யாரையும் இன்னொருவரோடு வைத்துப் பார்க்காத மனிதரை நான் அவருக்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. நான் அப்படியில்லை. நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே கேள்வித்தாளைக் கொடுத்து ஒரே அளவில் மதிப்பெண் போட்டுப் பழகியவன். ஒரு நாள் போனில் ஒரு வெளிநாட்டுக்காரர் நாலு நிமிடத்துக்குள் மைல் ஓடும் படத்தைக் காட்டி, "பாருங்கக்கா, இதான் நல்ல டைம்" என்றேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு முழுதாகப் பார்த்தார்.

"நல்லாத்தான் ஓடுறாரு. வேற என்ன வேலை பாக்குறாரு?"

"ஓடுறதுதான் அவருக்கு வேலை."

"அப்பச் சரி. நம்ம பிரகாஷு விடிய விடியப் பந்தக்கால் நட்டுட்டு வந்து ஆறு மணிக்கு ஓடுறான். அதையும் கூட்டிப் பாருங்க."

பிரகாஷ் பந்தல் போடும் கடையில் வேலை செய்த இளைஞன். ராணுவத்தில் சேர வேண்டும் என்று இரண்டு வருடமாகக் கரையில் ஓடிக்கொண்டிருந்தான். ஆள் எடுக்கும்போது ஓடவிடும் தூரம் ஆயிரத்து அறுநூறு மீட்டர். ஏறக்குறைய ஒரு மைல். அந்த வருடம் ஐந்தே முக்கால் நிமிடத்துக்குள் முடித்தால்தான் உள்ளே. ஓட ஆரம்பித்தபோது அவனுக்கு ஏழரை ஆகிக்கொண்டிருந்தது.

ஆயிஷாம்மாவுக்கோ ஒரு மைல் நடக்க நாற்பது நிமிடம். முழங்காலில் அறுவை செய்து ஆறு மாதம் வீட்டோடு கிடந்தவர். முதன்முதலாகக் கல் வரை நடந்துபோய்ச் சேர்ந்த அன்று லஸ்கரம்மா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே போனார். திரும்பி வரும்போது அவரைக் கேரியரில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். பிரகாஷிடம் எந்தக் குரலில் சொல்வாரோ அதே குரலில், "நாப்பது நிமிஷம். நல்ல டைம்" என்றார். அன்று கடையில் எங்கள் எல்லோருக்கும் டீ ஓசி.

பிரகாஷ் ஆள் எடுப்புக்கு வெளியூர் போனான். ஐந்து நிமிடம் நாற்பத்தொன்பது வினாடியில் ஓடினான். நாலு வினாடியில் போயிற்று. ஊர் திரும்பியவன் வேலைக்கும் போகவில்லை, கரைப்பக்கமும் வரவில்லை. அவனுடைய அம்மா டீக்கடைக்கு வந்து, சோற்றைத் தட்டில் போட்டால் அப்படியே வைத்துவிடுகிறான் என்று அழுதார். லஸ்கரம்மா எழுந்து, "வாங்க சார்" என்று என்னையும் அழைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனார்.

அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். இவர் தரையில் உட்கார்ந்தார்.

"எவ்வளவு தம்பி ஓடுன?"

"அஞ்சு நாப்பத்தொம்போது."

"நல்ல டைம்."

அவன் சட்டென்று எழுந்து உட்கார்ந்தான். "கிண்டல் பண்றீங்களா? வெளியில தள்ளிட்டாங்க. நாலு செகண்டு."

"அவங்களுக்கு அது பத்தல. அது அவங்க கணக்கு. நீ ஏழரையில ஆரம்பிச்சவன். ரெண்டு வருசமா ஒந் தடத்தை நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். எனக்குத் தெரியாதா?"

லஸ்கரம்மா மேற்கொண்டு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அவன் அம்மாவிடம் ஒரு தட்டு தனக்கும் கேட்டு வாங்கி, அவன் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவனும் சாப்பிட்டான். மறுநாள் காலை கரையில் புதிதாக ஒரு தடம் விழுந்திருப்பதாக என்னிடம் சொன்னார்.

அந்தக் கார்த்திகையில்தான் மழை மூன்று நாள் விடாமல் அடித்தது. சம்பாப் பயிர் முழங்கால் உயரம் நின்ற நேரம். கரண்டு போய், டவர் போய், போனெல்லாம் செத்துக் கிடந்தது. ரோட்டில் ஒரு பாலம் முழுகிவிட்டதால் ஊருக்கு வண்டி வரவில்லை. நாலாம் நாள் காலையில் மழை விட்டது. பள்ளிக்கு விடுமுறை. வீட்டில் அடைந்து கிடந்த அலுப்பில் ஆற்றைப் பார்க்கலாம் என்று போனேன். பிரகாஷும் வந்திருந்தான். தண்ணீர் கரையின் தலைக்கு இரண்டு சாண் கீழே ஓடிக்கொண்டிருந்தது.

சட்ரசுக்கு மேற்கே, கரைக்கு வெளிப்பக்கம், லஸ்கரம்மா மண்டிபோட்டு உட்கார்ந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போனோம். கரையின் அடியிலிருந்து கட்டைவிரல் பருமனுக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. நண்டு வளை. அதற்குக் கீழே கீழத்தெரு: ஐம்பது அறுபது வீடுகள், அதைத் தாண்டி வயல்.

"தெளிவா வந்தா பயமில்ல" என்றார் லஸ்கரம்மா. உள்ளங்கையில் தண்ணீரைப் பிடித்துக் காட்டினார். டீ நிறத்தில் இருந்தது. "கலங்கலா வருது பாருங்க. உள்ள மண்ணை எடுத்துக்கிட்டு வருது."

ஆற்றின் மட்டத்தை உடனே குறைத்தாக வேண்டும். சட்ரஸ் கதவுகள் ஏற்கெனவே முழுக்கத் திறந்திருந்ததால், அதற்கு மிச்சமிருந்த ஒரே வழி மேல் கல்லருகே இருந்த வடிகால் மதகு. அதைத் திறந்தால் ஆற்றின் ஒரு பங்கு வடிகாலில் விழுந்துவிடும். அதைத் திறக்கும் இரும்புக் கைப்பிடி சட்ரஸ் அறையில் இருந்தது. கண்டவர்கள் திறந்துவிடுகிறார்கள் என்று லஸ்கர் பொறுப்பில் வைத்திருந்தார்கள். ஒரு ஆட்டுக்குட்டியின் கனம் இருக்கும். கரையோ களிமண். மூன்று நாள் மழையில் வெண்ணெய்போல் ஆகியிருந்தது. அதில் எந்த வண்டியும் போகாது.

பிரகாஷ் அறைக்கு ஓடிப்போய்க் கைப்பிடியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"நான் போறேன். ஆறு நிமிஷத்துல அங்க நிப்பேன்."

"கீழ வையி" என்றார் லஸ்கரம்மா.

"லஸ்கரம்மா, நேரம் போவுது..."

"இது ஒண்ணுதான் தம்பி இருக்கு. நீ வேகமா ஓடி வழுக்கி ஆத்துல விழுந்தீன்னா ஒன்னத் தூக்கிடலாம். இதத் தூக்க முடியாது." பிறகு கிழக்கே கை காட்டினார். "நீ வெறுங்கையோட அடுத்த ஊருக்கு ஓடு. பஞ்சாயத்துக் கொட்டாயில மணல் மூட்டை கட்டிப் போட்டிருக்கு. ஆளுக்கு ஒண்ணாத் தூக்கிக்கிட்டு இருபது பேர் வரணும். விழுந்தாலும் எழுந்து ஓடு."

அவன் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினான்.

அவர் என்னைப் பார்த்தார். என்ன சொல்லப் போகிறார் என்பது அந்தக் கணமே புரிந்துவிட்டது.

"அக்கா, நானா? எனக்குப் பதினேழு நிமிஷம் ஆகும். நீங்களே போயிடலாமே."

"நான் இந்த ஓட்டைய விட்டுட்டு நகர முடியாது. ஆத்துக்குள்ள எறங்கி வாயக் கண்டுபுடிச்சு அடைக்கணும். ஒங்களுக்குப் பதினேழு. வெயில்லயும் பதினேழு, தூறல்லயும் பதினேழு. எனக்கு நம்புற மாதிரி ஒரு நேரம் வேணும் சார். அதுவரைக்கும் இதத் தாங்க வச்சுடுவேன். ஓடாதீங்க. எப்பவும் போற மாதிரி போங்க. நாப்பது சுத்து சுத்துங்க. நாப்பதுக்கு மேல வேணாம், வடிகால் தாங்காது."

"மேலேருந்து உத்தரவு இல்லாம திறக்கலாமா?"

"நான் சொல்றேன்ல."

கைப்பிடியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். பின்னால் அவர் ஆயிஷாம்மாவை உரக்கக் கூப்பிடுவது கேட்டது. ஓட்டை எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வரும் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அது ஆயிஷாம்மாவின் வேலை.

பாதி தூரம் வரை சரியாகத்தான் போனேன். அப்புறம் கீழத்தெரு நினைவு வந்தது. என் வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் நாலு பேர் அந்தத் தெருவில் இருந்தார்கள். என்னையறியாமல் ஓட ஆரம்பித்தேன். பத்தடிகூடப் போயிருக்க மாட்டேன். வலது கால் பக்கவாட்டில் போயிற்று. முழங்கால் இரண்டும் சேற்றில் அடித்து விழுந்தேன். கைப்பிடி தோளிலிருந்து நழுவி ஆற்றுப் பக்கம் சரிந்தது. அதன்மேல் நெஞ்சைப் போட்டு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஒரு முழத்துக்கு அப்பால் தண்ணீர் இரைந்துகொண்டிருந்தது. அப்படியே கிடந்து மூச்சை வாங்கினேன். பிறகு எழுந்து, வாய்விட்டு ஒன்று இரண்டு என்று அடிகளை எண்ணிக்கொண்டு என் நடையில் நடந்தேன்.

மதகின் திருகு துருப்பிடித்து இறுகியிருந்தது. முதல் சுற்றுக்கு உடம்பு முழுவதையும் கொடுக்க வேண்டியிருந்தது. பத்தாவது சுற்றில் கதவுக்கடியில் ஒரு முனகல். பிறகு தண்ணீர் வடிகாலில் விழும் சத்தம். நாற்பது சுற்றியதும் கை தானாக நின்றது. கைக்கடிகாரத்தில் மணியைப் பார்த்து, திருகிய நேரத்தைக் கழித்தேன். நடந்தது பதினெட்டு நிமிடம்.

திரும்பி வந்தபோது கரையில் ஒரே கூட்டம். பிரகாஷ் போன வேகத்துக்கு ஆட்கள் மூட்டையும் கையுமாக வந்து சேர்ந்திருந்தார்கள். இடையில் நான்கு முறை விழுந்தானாம். முட்டியில் தோலே இல்லை. லஸ்கரம்மா ஆற்றுக்குள் கழுத்தளவு தண்ணீரில், கரையில் அடித்த கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். காலால் துழாவி வளையின் வாயைக் கண்டுபிடித்து, சாக்கில் வைக்கோலைத் திணித்துத் திணித்து அடைத்திருந்தார். இப்போது மூட்டைகளை ஒவ்வொன்றாக வாங்கி அமுக்கிக்கொண்டிருந்தார். வெளியே ஆயிஷாம்மா நாற்காலியிலிருந்து குரல் கொடுத்தார்.

"கலங்கல்தான்... கலங்கல்தான்... கொஞ்சம் கொறையுது..."

ஒரு மணி நேரத்தில் ஆறு ஒரு சாண் இறங்கியது. ஆயிஷாம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக் குனிந்து பார்த்தார். பிறகு, "தெளிஞ்சிருச்சு லஸ்கரம்மா" என்றார். கை கொடுத்து அவரை மேலே தூக்கினார்கள். உதடெல்லாம் நீலம் பாரித்து நடுங்கிக்கொண்டிருந்தவர் என்னைத் தேடிப் பிடித்துக் கேட்டார்.

"எவ்வளவு ஆச்சு சார்?"

"பதினெட்டு. நடுவுல ஓடிப் பாத்து விழுந்துட்டேன்."

"சேத்துல ஒரு நிமிஷம் கூடத்தான் ஆவும்" என்றார்.

இரண்டு வாரம் கழித்து மேல் ஆபீஸிலிருந்து மெமோ வந்தது. உத்தரவில்லாமல் வடிகால் மதகைத் திறந்தது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். லஸ்கரம்மா என்னிடம் பதில் எழுதித்தரச் சொன்னார். நான் ஒன்றரைப் பக்கத்துக்கு உருக்கமாக எழுதினேன்; அவருடைய துணிச்சலையும் என் நடையையும் விடவில்லை. படிக்கச் சொல்லிப் பொறுமையாகக் கேட்டார்.

"இவ்வளவு வேணாம் சார். ஒங்களை அனுப்புனதா எழுதுனா ஒங்களையும் கூப்புட்டு விசாரிப்பாங்க. கரையில கலங்கல் வந்துச்சு, திறந்தேன். அவ்வளவுதான் எழுதுங்க."

அப்படியே எழுதினேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. பாராட்டும் வரவில்லை. பிரகாஷ் அடுத்த வருடம் தீயணைப்புத் துறையில் சேர்ந்தான்.

லஸ்கரம்மா ஓய்வு பெற்ற நாளன்று காலையில் நான் கரைக்குப் போனேன். அத்தனை வருடத்தில் எங்கள் எல்லோருடைய நேரத்தையும் அவர் சொல்லியிருக்கிறார். அவருடைய மைல் எவ்வளவு என்று ஒருவரும் கேட்டதில்லை. "இன்னிக்கு ஒங்களோட வரேங்க்கா" என்றேன். சரி என்றார்.

ஒவ்வொரு பத்தடிக்கும் நின்றார். ஒரு வளையைக் கண்டால் குனிந்து விரல் விட்டுப் பார்த்தார். மண் எடுத்துக் குழைத்து அடைத்து, காலால் மிதித்தார். வேர் ஓடிய இடத்தில் செடியைப் பிடுங்கி எறிந்தார். ஒரு வாய்க்கால் தலைப்பில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் பையை எடுத்தார். கருவமரத்தைக் கடந்தபோது ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பேசிக்கொண்டே வந்தார். வலங்கைமானில் மகள் வீட்டுக்குப் போய் இருக்கப் போவதாகவும், மருமகன் மாடியில் தனி அறை கட்டியிருப்பதாகவும், மாடியில் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை என்றும் சொன்னார்.

மேல் கல்லுக்கு வந்ததும் அதன்மேல் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். நான் மணி பார்த்தேன்.

"ஒரு மணி நேரம் இருபது நிமிஷம் ஆயிருக்குக்கா."

"அவ்வளவா?" உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "இன்னிக்கு ஒங்களோட பேசிக்கிட்டே வெரசால்ல வந்துட்டேன்னு நெனச்சேன்."

பிறகு எழுந்து சேலையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டு, சைக்கிளை ஆற்றைக் கடக்கும் பாலத்தின் பக்கம் திருப்பினார்.

"எதிர்க்கரை இருக்கு சார். அதையும் பாத்துட்டு வந்துடுறேன். நீங்க போங்க, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு."

நான் ஹெட்மாஸ்டருக்குப் போன் போட்டு அரைநாள் லீவு சொன்னேன்.